சுவரில் சாய்ந்தால் ஒட்டும் வெள்ளைப் பொடி

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், வெயில் அடிக்கிற பக்கத்துப் பழைய சுவரில் சாய்ந்து எழுந்தால் சட்டை முதுகில் வெள்ளைப் பொடி ஒட்டும். சுண்ணாம்பு என்று தட்டிவிடுவோம். பெயிண்ட் சுவரென்றால் அதில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. புற ஊதாக் கதிர் பட்டால், தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பசையையே அது அரித்துவிடும்.

கதிர் பட்டதும் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது இருந்த இடத்தில் ஒரு 'துளை' மிஞ்சும். இரண்டும் மேற்பரப்பை எட்டினால் அங்குள்ள நீரோடும் அழுக்கோடும் வினை நடக்கும். வழியிலேயே ஒன்றையொன்று சந்தித்தால் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான்.

சரி, எந்த மேற்பரப்பு? மளிகைக்கடைக் கற்கண்டைத் திருப்பிப் பாருங்கள், பல முகங்கள் தெரியும். அனட்டேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்துக்கும் அப்படித்தான். உள்ளே ஒவ்வொரு டைட்டானியம் அணுவையும் 6 ஆக்சிஜன் சூழ்ந்திருக்கும். முகங்களுக்கு எண்தான் பெயர்: 001 என்ற முகத்தில் எல்லா டைட்டானியத்துக்கும் 5தான். 101 முகத்தில் பாதிக்கு மட்டுமே அந்தக் குறை. குறையுள்ள அணுவுக்குப் பசி அதிகம், எதையாவது பற்றிக்கொள்ளும். அந்தப் பசியே அதற்குக் கேடும்கூட. புது அணுக்கள் அங்கே சட்டென்று ஒட்ட, அந்த முகம் வேகமாக வெளியே வளர்ந்து, வளர வளரச் சுருங்கி, ஏறக்குறைய மறைந்துவிடும். மெதுவாக வளரும் 101தான் படிகம் முழுக்க மிஞ்சும்.

2008இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்துப் படிகம் வளர்த்தார்கள். ஃபுளோரின் 001 முகத்தில் உட்கார்ந்து பசியாற்றியது. அந்த முகத்தின் பங்கு 47 விழுக்காடு ஆனது. அப்புறம் எல்லாரும் 001 பின்னால் ஓடினார்கள். 2011இல் ஃபுளோரினை நீக்கி, ஒளியில் வினை நடத்தும் திறனை மற்ற முகங்களோடு ஒப்பிட்டபோது 001 கடைசியில் நின்றது! எனக்குப் பிடித்த திருப்பம் இதுதான்.

இரண்டு முகமும் சேர்ந்திருந்தால் கதை வேறு. எலக்ட்ரான்கள் 101 பக்கம், துளைகள் 001 பக்கம் ஒதுங்கும். செம்பனைக் குலை லாரி ஒரு கேட்டில் நுழைந்து, காலி லாரி வேறு கேட்டில் வெளியேறினால் நெரிசல் இல்லையே, அதுபோல. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்க, அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற வேறொரு படிகத்தில், ஹைட்ரஜனுக்கு ஒரு முகம், ஆக்சிஜனுக்கு வேறு முகம் என்று துணை வினையூக்கிகளைப் பிரித்துப் படியவைத்து, புற ஊதா ஒளியில் 96 விழுக்காடு வரை பயன்திறன் கண்டார்கள்.

பெயிண்ட் தயாரிப்பவர்களுக்கோ தலைகீழ்க் கவலை: எந்த முகமும் வெளியே தெரியாதபடி துகளுக்கு அலுமினா, சிலிக்கா பூசிவிடுகிறார்கள்.