பெட்ரோல் முள் ஏன் எழும்பவில்லை?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறைகளுக்கு ஒரே மாதிரியான புகாரோடு வண்டிகள் வரும். பழைய அம்பாசடர், மாருதி 800, ஜீப், டிராக்டர், எதுவாக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "வண்டி நல்லா ஓடுது, மீட்டர்தான் எதுவும் வேலை செய்யல." உடனே டேஷ்போர்டைக் கழற்றி மீட்டரை மாற்றிவிடலாம் என்று பலரும் கிளம்பிவிடுகிறார்கள். அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. பொருத்தமான மீட்டர் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்து மாட்டினாலும், கோளாறு வேறெங்கோ இருந்தால் புது மீட்டரின் முள்ளும் அப்படியே படுத்துத்தான் கிடக்கும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த முள் சேர்ந்து நின்றுபோயிருக்கிறது? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். எல்லாம் ஒரே நாளில் நின்றிருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது: ஃப்யூஸ், சாவி சுவிட்ச், மீட்டருக்குப் பின்னால் செருகும் கனெக்டர், அல்லது எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி). பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் மட்டும் நின்று விளக்குகள் எரிந்தால் சந்தேகம் வேறிடத்துக்குப் போகிறது. ஒரே ஒரு முள் நின்றிருந்தால் டேஷ்போர்டைத் தொடவே வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்பும் சென்சார் பக்கம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பழைய வண்டிகளில் அதற்கும் பேட்டரி மின்சாரத்துக்கும் சம்பந்தம் கிடையாது (உள்ளே எரியும் பல்பு தவிர). கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அருகே காந்தம் சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். அந்த மின்னோட்டங்கள் உண்டாக்கும் காந்தப்புலம் கிண்ணத்தையும் கூடவே இழுத்துப் போகப் பார்க்கும். முடிபோன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கும். வேகம் கூடக்கூட இழுப்பும் கூடுகிறது, முள்ளும் ஏறுகிறது. ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. இங்கே கோளாறு பார்ப்பது சுலபம். வேக முள் நின்று, கிலோமீட்டர் எண்கள் மட்டும் ஓடினால் கேபிள் நன்றாக இருக்கிறது, மீட்டருக்குள்தான் ஏதோ சிக்கல். இரண்டும் சேர்ந்து நின்றால் கேபிளின் உள்கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அதன் சதுர முனை தேய்ந்து வழுக்குகிறது. முள் நடுங்கினால் கேபிள் காய்ந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உருவி எடுத்துத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவிப் போட வேண்டும். மேல்முனையில் நிறையத் தடவிவிட்டால் அது மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டிராக்டர்கள் சிலவற்றில் ஆயில் பிரஷர் மீட்டருக்கு மெல்லிய குழாய் வழியாக ஆயிலே நேராக வரும். அதிலும் ஒயரைத் தேடிப் பயனில்லை.

இனி பெட்ரோல் முள். சாவியைத் திருப்பியதும் அது எப்படி எழுகிறது என்று கவனியுங்கள். சட்டென்று துள்ளி நின்றால் அது காந்தச் சுருள் வகை. சோம்பல் முறிப்பதுபோல மெல்ல மெல்ல ஏறினால் வெப்பத்தால் நகரும் வகை. பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். அதன் உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை, அதைச் சுற்றி மெல்லிய ஹீட்டர் கம்பி. மின்சாரம் போகும்போது பட்டை சூடாகும். இரண்டு உலோகங்களும் ஒரே அளவு விரியாததால் பட்டை வளையும், வளைவு முள்ளைத் தள்ளும். சூடேற நேரம் எடுப்பதால்தான் பள்ளத்தில் வண்டி குலுங்கி டேங்கில் பெட்ரோல் அலைந்தாலும் முள் அசராமல் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. இன்ஜின் நிற்கும்போது பேட்டரியில் 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், ஓடும்போது 14-ஐத் தொடும். அதை அப்படியே ஹீட்டர் கம்பிக்குக் கொடுத்தால், இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே டேங்கில் பெட்ரோல் ஊறியதுபோல முள் ஏறிவிடும். அதைத் தடுக்க மீட்டரின் முதுகில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரப் பெட்டி வைத்தார்கள். அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் ஓர் இரட்டை உலோகப் பட்டை, ஒரு ஹீட்டர் கம்பி. பட்டை சூடாகி வளைந்தால் தொடுமுனை விலகி மின்சாரம் நிற்கும். ஆறினால் மறுபடி தொடும். இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதன் சராசரி 10 வோல்ட். பேட்டரி வோல்டேஜ் கூடினால் பட்டை சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் விலகும், சராசரி அதே 10-இல் நிற்கும். ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல் வெறும் தகரமும் கம்பியுமாக இந்த வேலையை முடித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் இந்த ஒரே பெட்டியிலிருந்துதான் சாப்பிடுகின்றன. அதனால் இரண்டும் சேர்ந்து படுத்தால் முதலில் இதைப் பாருங்கள். சாவியைப் போட்டு, வெளியே வரும் முனையில் டெஸ்ட் லேம்ப் (ஒரு ஒயரை பாடியில் பிடித்து, மறு ஒயரால் தொட்டுப் பார்க்கும் பல்பு) வைத்தால் முதலில் சில விநாடி எரிந்து, பிறகு மின்னி மின்னி எரிய வேண்டும். எரியவே இல்லை, உள்ளே வரும் முனையில் மட்டும் எரிகிறது என்றால் பெட்டி போய்விட்டது. சரி, மின்னாமல் ஒரேயடியாக எரிந்தால்? அப்போது இரண்டு முள்ளும் செத்திருக்காது, அளவுக்கு மேல் ஏறி நிற்கும். பெட்டியின் எர்த் விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும்: ஹீட்டர் கம்பிக்குத் திரும்பும் வழி இல்லை, பட்டை சூடாகாது, தொடுமுனை விலகாது, முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டருக்குப் போகும். டேங்கில் இன்னும் பெட்ரோல் இருப்பதாகக் காட்டிக்கொண்டே வண்டி நடுரோட்டில் நின்றதற்கு ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ காரணமாக இருந்திருக்கலாம். பழைய பெட்டி கிடைக்காதவர்கள் 7810 என்ற மூன்று கால் ஐசியை வைத்து 10 வோல்ட் கொடுக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது.

எர்த்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். டெல்டாவில் டேஷ்போர்டுகளைக் கொல்வதில் முதலிடம் அதற்குத்தான் என்பது என் முடிவு. வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகாலும் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சாரமும் அப்படித்தான். பேட்டரியிலிருந்து வருவதற்குத் தனித்தனி ஒயர் போட்டவர்கள், திரும்பிப் போவதற்கு வண்டியின் இரும்பு உடம்பையே பொது வழியாக விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வளையத்தை ஸ்க்ரூ போட்டுப் பாடியில் இறுக்கியிருப்பார்கள். வளையம் செம்பு அல்லது பித்தளை, பாடி இரும்பு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு கலந்த ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் அரிக்கப்படுவது எப்போதும் இரும்பின் பக்கம்தான். வேதாரண்யம் உப்பளக் காற்று, நாகப்பட்டினத்துக் கடல் காற்று, மார்கழிப் பனி, மழைக்காலத்தில் தரைவிரிப்புக்குக் கீழே தேங்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. வளையம் மேலே பளபளப்பாகத் தெரியும், திருகிப் பார்த்தால் இறுக்கமாகவும் இருக்கும். கழற்றிப் பார்த்தால் அடியில் பழுப்புப் பொடி. துரு மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது.

இதைப் பிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் முள் இறங்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு முள் துடிக்கிறதா? டேங்க் யூனிட்டும் (டேங்குக்குள் இருந்து பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் சென்சார்) பின்விளக்குகளும் பல வண்டிகளில் ஒரே இடத்தில் எர்த் ஆகின்றன. பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றும் 21 வாட். இரண்டும் எரியும்போது 3.5 ஆம்பியர் அந்த எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். துருவில் அரை ஓம் தடை இருந்தால்கூட ஒன்றே முக்கால் வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். வெறும் 10 வோல்ட்டில் வாழும் முள்ளுக்கு அது பெரிய இழப்பு. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மீட்டரின் உலோக உடம்பிலும் வைத்து, விளக்குகளைப் போட்டுப் பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே எர்த் சரியில்லை. மல்டிமீட்டர் இல்லையா? நீளமான ஓர் ஒயரை நெகட்டிவிலிருந்து இழுத்து மீட்டர் உடம்பில் தொட்டுப் பிடியுங்கள். முட்கள் சரியாகக் காட்டத் தொடங்கினால் புது மீட்டருக்கு வைத்திருந்த பணம் மிச்சம்.

துருவை உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வளையத்தை இறுக்கி, மேலே வாஸ்லின் பூசிவிட்டால் போதும். இறுக்கிய பிறகுதான் பூச வேண்டும். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். விளக்கைத் தேய்த்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம், கனெக்டருக்குள் புகுந்த புளிப்பைக் கழுவ முடியாது. அது அங்கேயே உட்கார்ந்து ஈரத்தை இழுத்து மறுபடி அரிக்கும்.

ஒரு முள் மட்டும் நின்ற வண்டிக்கு வருவோம். டேங்க் யூனிட்டில் ஒரு மிதவை, அதன் கையில் ஒரு தொடுமுனை, அது உரசி நகரும் தடைக் கம்பி. இவ்வளவுதான். சாவியை அணைத்துவிட்டு, யூனிட்டுக்கு வரும் ஒயரைக் கழற்றி, சுத்தமான பாடியோடு இன்னோர் ஒயரால் இணையுங்கள். அதன் பிறகே சாவியைப் போடுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் தீப்பொறி எழக்கூடாது என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. வெப்ப வகை மீட்டரில் முள் மெல்ல முழு அளவை நோக்கி ஏறும். ஏறத் தொடங்கியதுமே சாவியை அணைத்துவிடலாம். மீட்டரும் ஒயரும் நல்லவை, யூனிட்டோ அதன் எர்த்தோதான் போயிருக்கிறது என்பது உறுதி. ஏறாவிட்டால் ஒயர் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மீட்டரே போயிருக்கிறது. நெல் அறுத்த பிறகு வைக்கோல் போட்ட கொட்டகையில் நிறுத்திய வண்டி என்றால் எலியைச் சந்தேகப்படுங்கள். வயலில் இரை குறைந்தால் அது கொட்டகைக்குத்தான் வரும்.

இந்தச் சோதனையில் ஒரு எச்சரிக்கை: எல்லா வண்டிக்கும் முள் ஒரே பக்கம் போகாது. காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்தால் 33 ஓம் என்று ஒரு வகை யூனிட் உண்டு. காலிக்கு 10, நிறைந்தால் 180 என்று தலைகீழான வகையும் உண்டு. முன்னதில் எர்த் கொடுத்தால் முள் மேலே போகும், பின்னதில் கீழே போகும். வேறு வண்டியின் யூனிட்டை மாட்டிவிட்டு, பெட்ரோல் போடப் போட முள் இறங்குகிறதே என்று திகைக்கக் காரணமும் இதுதான்.

டெம்பரேச்சர் சென்சாரில் நகரும் பாகம் எதுவுமே இல்லை. சூடானால் தடை குறையும் ஒரு பொருள் அதில் இருக்கிறது, அவ்வளவே. ஒயர் அறுந்தால் முள் எப்போதும் குளிர்ச்சியில் நிற்கும், ஒயர் உரசி பாடியில் பட்டால் எப்போதும் சூட்டில் நிற்கும். ஒன்றை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்: ரேடியேட்டர் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், இன்ஜின் கொதித்தாலும் முள் இறங்கிக் காட்டலாம். நெல் மூட்டையோடு போகும்போது முள் காரணமில்லாமல் இறங்கினால் சந்தோஷப்படாமல் வண்டியை ஓரம் கட்டுங்கள். மூடியை உடனே திறக்காதீர்கள்.

ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் சாவியைப் போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் முதலில் பல்பை மாற்றுங்கள். ஆல்டர்னேட்டர் பலவற்றுக்குத் தொடக்க மின்சாரமே அந்த சார்ஜ் பல்பு வழியாகத்தான் போகிறது, பல்பு போனால் சார்ஜும் ஏறாமல் போகலாம். ஓட்டத்தில் ஆயில் விளக்கு எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். பழைய ஜீப்பிலும் டிராக்டரிலும் உள்ள ஆம்மீட்டர் (பேட்டரிக்கு ஏறும், இறங்கும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர்) கொஞ்சம் ஆபத்தானது. ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் மொத்த மின்சாரமும் அதன் முதுகில் உள்ள இரண்டு நட்டுகள் வழியாகப் போகிறது, அதுவும் நடுவில் ஃப்யூஸ் இல்லாமல். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோகக்கூடாது.

எல்லாம் சரி செய்து மாட்டியதும் முள் எழுந்துவிட்டது என்று அப்படியே நம்பி ஓட்ட வேண்டாம். டேங்க் காலியாக இருக்கும் நாளில் 5 லிட்டர் கேனோடு உட்காருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 5 லிட்டர் ஊற்றி, சாவியைப் போட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, முள் எங்கே நிற்கிறது என்று ஒரு காகிதத்தில் குறியுங்கள். சாவியை அணைத்துவிட்டு அடுத்த 5 லிட்டர். மாற்றிப் போட்ட யூனிட்டில் மிதவையின் கை கொஞ்சம் நீளமாக இருந்தாலும் காலிக் கோடு 3 லிட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்தக் காகிதத்தை டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்துவிடுங்கள், வண்டியை அடுத்து ஓட்டுபவருக்கும் உதவும்.