அநேகாந்தவாதம்: பொருளும் தமிழும்

சமணத் தத்துவத்தின் அடிப்படைச் சொல் அநேகாந்தவாதம். அன், ஏக, அந்த, வாதம் என்று பிரியும் வடசொல். ‘அந்த’ என்பதற்கு முடிவு, எல்லை, பக்கம் என்றெல்லாம் பொருள் உண்டு. ஒரு பக்கத்தோடு முடிந்துவிடாதது என்று சேர்த்துப் படிக்கலாம். எதிர்ச்சொல் ஏகாந்தம். நமக்கு ஏகாந்தம் என்றால் இனிய தனிமை. சமணத் தருக்கத்தில் அது குற்றம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதான்’ என்று சாதிப்பதற்கு அங்கே அந்தப் பெயர்.

சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சை என்ற தம் நூலில் அருமையான எடுத்துக்காட்டு ஒன்று தருகிறார். பொற்குடத்தை அழித்து மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டியவன் வருந்துகிறான், மகுடம் வேண்டியவன் மகிழ்கிறான், பொன் வேண்டியவனுக்கு இரண்டும் இல்லை. மூவர் உணர்வுக்கும் காரணம் உண்டு என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். குடம் அழிந்தது மெய், மகுடம் பிறந்தது மெய், பொன் பொன்னாகவே இருப்பதும் மெய். அப்படியானால் வேறுபாடு பார்ப்பவர் மனத்தில் மட்டும் இல்லை, பொருளிலேயே இருக்கிறது. சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற நூலும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் சேர்ந்ததையே உள்பொருள் என்கிறது.

இதை ‘அவரவருக்கு அவரவர் உண்மை’ என்று சுருக்குவது தவறு. குடத்தை யாரும் தொடவே இல்லை என்று நான்காவது ஆள் வந்து சொன்னால் அது பொய்தான். ஒரு கோணத்தில் கிடைக்கும் அறிவு நயம். மற்றக் கோணங்களை அது மறுக்கத் தொடங்கினால் துர்நயம்.

கூடவே வரும் சொல் சியாத்வாதம். ‘சியாத்’ என்பதை ‘ஒருவேளை’ என்று பெயர்த்து, சமணரைச் சந்தேகவாதிகள் ஆக்கிவிடுகிறார்கள். பெரிய அநியாயம் இது. வினைவடிவமாக அப்படிப் பொருள்படலாம். சமணர் அதை இடைச்சொல்லாக, ‘ஒருவகையில்’ என்ற பொருளில் ஆள்கிறார்கள். பேச்சில் ‘ஒரு விதத்துல பார்த்தா’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பொன் என்ற வகையில் உண்டு, குடம் என்ற வகையில் இல்லை. இரண்டு கூற்றிலும் ஐயத்துக்கு இடமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பல உண்மைக் கொள்கை’ கூடாது. மெய் பலவாக உடைந்துபோகிறது. ‘பன்முக நோக்கு’ எளிமையானது, ஆனால் பன்மையைப் பார்வையிலேயே நிறுத்திவிடுகிறது. ‘பன்முக மெய்ம்மை’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: மெய் ஒன்று, முகம் பல. கோட்பாடாகக் குறிக்கும்போது பன்முக மெய்ம்மைக் கோட்பாடு. சியாத்வாதத்துக்கு ‘வகைசுட்டிக் கூறல்’ எனலாம். சமணம் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் ஒருமுறை மூலச்சொல்லையும் தந்துவிடுவது நல்லது. பொதுவான கட்டுரைகளுக்குப் பன்முக நோக்கே போதும்.