வளங்குன்றா மேம்பாடு: ‘நிலையான வளர்ச்சி’ ஏன் பிழை?

‘நிலையான வளர்ச்சி’ என்ற தொடரை மேடையிலும் பாடநூலிலும் செய்தி அறிக்கையிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ‘சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்’ என்பதற்குத் தமிழ் இதுதான் என்று யாரோ எப்போதோ தீர்த்துவைத்ததுபோல எல்லாரும் எழுதுகிறார்கள். தொடரில் இருப்பவை இரண்டே சொற்கள். அந்த இரண்டும் பொருந்தவில்லை, ‘வளங்குன்றா மேம்பாடு’ என்பதே பொருந்தும் என்பதே என் வழக்கு.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘சுஸ்தினேரே’ என்றால் கீழிருந்து தாங்கிப் பிடித்தல். சொல்லின் வேர் அது. கருத்தின் வேர் காட்டில் இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்கத் துறையை நிர்வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், சுரங்கங்களும் உலைகளும் மரத்தைத் தின்று தீர்ப்பதைக் கண்டு, மீண்டும் வளரும் அளவுக்கே வெட்ட வேண்டும் என்று 1713இல் நூல் எழுதினார். 1980இல் வெளியான ‘உலக இயற்கைப் பாதுகாப்பு உத்தி’ என்ற ஆவணம் ‘சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்’ என்ற சொல்லாட்சியை உலக அரங்குக்குக் கொண்டுவந்தது. 1987இல் நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் அதற்கு இலக்கணம் வகுத்தது: வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்யும் மேம்பாடு.

இந்த வரியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு அடுத்து வருவதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. ‘தேவைகள்’ என்று சொல்லும்போது உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவைகளுக்கே முதலிடம் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. இயற்கையின் தாங்குதிறனுக்கு வரம்பு வகுப்பவற்றில் தொழில்நுட்பத்தோடு சமூக அமைப்பும் ஒன்று என்றும் எழுதியிருக்கிறது. சமூகப் பரிமாணம், அதாவது மக்கள் வாழ்வைப் பற்றிய பக்கம், பிற்பாடு சேர்த்த ஒட்டு அன்று. இலக்கணம் பிறந்த அன்றே உள்ளே இருந்தது.

இப்போது ‘நிலையான’ என்பதை எடுத்துக்கொள்வோம். நிலையான ஆட்சி என்றால் கவிழாத ஆட்சி. நிலையான விலை என்றால் ஏறி இறங்காத விலை. நிலையான வருமானம் என்றால் மாதம் தவறாமல் வருவது. அப்படியானால் நிலையான வளர்ச்சி என்பது என்ன? ஆண்டுதோறும் சரியாமல் வரும் வளர்ச்சி. தமிழ் அறிந்த எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார், அவர்மீது குற்றமில்லை. நிலத்தடி நீரை ஆண்டுக்காண்டு கூடுதலாக உறிஞ்சி, ஒரு நாடு பத்தாண்டு ஒரே சீராக வளர்ந்தால் அதுவும் நிலையான வளர்ச்சிதான். மூலக் கருத்து தடுக்க வந்ததே அதைத்தான்.

இதன் சிக்கல் முழுதாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. இந்த மேம்பாட்டுக்காக 2015இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளில் எட்டாவது, பொருளாதார வளர்ச்சியைப் பற்றியது. அதன் ஆங்கிலத் தலைப்பில் ‘சஸ்டெயின்ட்’, ‘சஸ்டெயினபிள்’ என்ற இரண்டு அடைகளும் ஒரே வரியில் வருகின்றன. முன்னது விட்டுவிடாமல் தொடர்வது. பின்னது வளத்தை அழிக்காமல் நடப்பது. இரண்டும் வேறு என்பதால்தான் இரண்டையும் எழுதினார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் இங்கே ‘நீடித்த, அனைவரையும் உள்ளடக்கிய, நிலையான பொருளாதார வளர்ச்சி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நீடித்ததற்கும் நிலையானதற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவர் கேட்டால் எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ‘நீடித்த நிலையான’ என்று இரண்டையும் ஒட்டவைத்து எழுதுவோரும் உண்டு. ஒன்று போதவில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஒரே பொருளுடைய இன்னொன்றைச் சேர்த்தால் குறை தீரும் என்று எண்ணியதுதான் பிழை.

அந்தத் தலைப்பே இரண்டாவது சொல்லையும் மறுக்கிறது. அங்கே பேசப்படுவது ‘க்ரோத்’. அதற்கு வளர்ச்சி சரி. மிகவும் பின்தங்கிய நாடுகளின் உற்பத்தி ஆண்டுக்குக் குறைந்தது 7 சதவீதம் கூட வேண்டும் என்று அதே இலக்கு சொல்கிறது. அளந்து எண்ணில் சொல்லக்கூடியது வளர்ச்சி. ‘டெவலப்மென்ட்’ என்பது உற்பத்தி மட்டுமன்று; மக்களின் உடல்நலம், கல்வி, உரிமை, மாண்பு எல்லாம் உயர்வது. அதற்கு மேம்பாடு என்ற நல்ல சொல் இருக்கும்போது இரண்டுக்கும் வளர்ச்சி என்றே எழுதினால், மக்கள் மேம்படாமல் கணக்கு மட்டும் வளர்ந்தாலும் போதும் என்று ஆகிவிடுகிறது. இலங்கைத் தமிழர் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்கிறார்கள். அபிவிருத்தியும் வளர்ச்சியும் வேறு என்ற உணர்வு அங்கே இருக்கிறது. நிலைபேறு பற்றிய என் குறை அப்படியே நிற்கிறது.

எதிர்த்து வாதிடத் தகுந்த ஒரே சொல் ‘பேண்தகு’. ஓசை நன்று, தனித்தமிழ், சுருக்கம். அறிவார்ந்தவர்கள் பலர் விரும்பி ஆள்கிறார்கள். ஆனால் தகு என்பது ஆற்றலைவிடத் தகுதியையே குறிக்கிறது. போற்றத்தக்கவர் என்றால் போற்றுவதற்கு உரியவர். பேண்தகு வளர்ச்சி என்றால் நாம் பேணுவதற்கு உரிய வளர்ச்சி. அதாவது பேணப்படுவது வளர்ச்சி! நிலையான, நீடித்த, நிலைபேறான, பேண்தகு ஆகிய நான்கிலும் இதே கோளாறுதான்: குறையாமல் இருக்க வேண்டியது வளர்ச்சி என்கின்றன. குறையாமல் இருக்க வேண்டியது வளம்.

‘வளங்குன்றா’ என்ற அடை அதைத்தான் சொல்கிறது. இது புதிதாகச் செய்த சொல்லும் அன்று. ‘கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை’ என்பது 736ஆம் குறள். கேட்டை அறியாததாய், ஒருவேளை கெட்டாலும் வளம் குறையாததாய் இருப்பதே தலைசிறந்த நாடு. ஐ.நா. சொன்னதை வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார் என்று நான் வாதிடவில்லை. அப்படி வாதிடுவது இரண்டு தரப்புக்கும் நியாயமன்று. வேண்டிய சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

வளம் என்றால் மண்ணும் நீரும்தானே, சமூகம் எங்கே என்று கேட்பார்கள். அதே அதிகாரத்தைச் சற்று முன்னால் புரட்டினால் போதும். உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேராதது நாடு என்கிறது 734. பல குழுக்களும் பாழ்செய்யும் உட்பகையும் இல்லாதது நாடு என்கிறது 735. வளம் குன்றாமையும் பசியின்மையும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன.

நடப்பிலும் இவை பிரிவதில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனைத் தலைமுறை தலைமுறையாக அள்ளினார்கள். பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தபின் மீன்வளம் சரிந்தது. 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள், கரையோர ஊர்கள் ஆளொழிந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் பிரேசிலின் ரியோவில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல், மேம்பாட்டு மாநாடு, மனிதர்களே இந்த மேம்பாட்டின் மையம் என்று தன் முதல் கோட்பாட்டில் எழுதியிருந்தது. வளம் குன்றியதும் முதலில் விழுவது அதை நம்பி வாழ்ந்தவரின் அடுப்பு.

‘சமூகப் பரிமாணம்’ என்பதை ‘சமூக அம்சம்’, ‘சமூகக் காரணி’ என்றெல்லாம் மாற்றி எழுதுவதையும் நிறுத்த வேண்டும். 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய ஐ.நா. மாநாட்டில் பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைத் தூண்கள் என்றார்கள். 2015இல் அந்த 17 இலக்குகளை ஏற்றபோது பரிமாணங்கள் என்றார்கள். தூண் தனியாகவும் நிற்கும். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் பொருளே இல்லை. வறுமை, பசி, கல்வி, பாலினச் சமத்துவம், ஏற்றத்தாழ்வு ஆகியவை பேச்சின் கடைசிப் பத்தியில் வந்துபோகும் அம்சங்கள் ஆகாமல் இருக்கப் பரிமாணம் என்ற சொல்லே காவல்.

எல்லா இடத்திலும் வளங்குன்றா என்று போட்டுவிடவும் கூடாது. வளங்குன்றா வேளாண்மை, வளங்குன்றா மீன்பிடிப்பு சரி. வல்லெழுத்து வந்தால் ஒற்று மிகும்: வளங்குன்றாப் பொருளாதாரம். பெயராக வேண்டுமானால் வளங்குன்றாமை. நிறுவனங்கள் வெளியிடும் ‘நிலைத்தன்மை அறிக்கை’யைப் படிப்பவர், நிறுவனம் திவாலாகுமா ஆகாதா என்ற கணக்கு என்று எண்ணிவிடுவார், அதை வளங்குன்றாமை அறிக்கை என்று எழுதலாம். ஆனால் ஒரு நாட்டின் கடனைப் பற்றிப் பேசும்போது ‘சஸ்டெயினபிலிட்டி’ என்ற அதே ஆங்கிலச் சொல் வந்தால் இது பொருந்தாது. அங்கே கேள்வி அந்த நாட்டால் கடனைச் சுமக்க முடியுமா என்பதுதான். கடன் தாங்குதிறன் என்பதே சரி.