ஆர்க்கிட் இலை சுருங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

இலை சுருங்கித் தொங்கும் ஆர்க்கிட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "தவறாம தண்ணி ஊத்திட்டுத்தான் இருக்கேன், ஆனா செடி காயுதே." தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் அழுகியிருக்கும். அழுகிய வேரால் தண்ணீரை எடுக்க முடியாது. சுற்றிலும் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் கிடக்கும், இலை சுருங்கும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். மிச்சமிருக்கும் நாலைந்து வேரும் போய்விடும். என் அனுபவத்தில், வீட்டு ஆர்க்கிட்கள் காய்ந்து சாவதைவிட இப்படி அக்கறையால் சாவதுதான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாரத்துக்கு எத்தனை தடவை ஊற்றணும் என்று கேட்பார்கள். நான் எண் சொல்வதில்லை. ஒரே வகைச் செடி, ஒரே வீடு, ஆனால் ஜன்னலோரம் இருப்பது மூன்று நாளில் காயும். உள்ளறையில் இருப்பது பத்து நாளானாலும் ஈரமாகவே இருக்கும். தொட்டி பிளாஸ்டிக்கா மண்ணா, உள்ளே மண்ணுக்குப் பதிலாக இருப்பது மரப்பட்டைத் துண்டா ஸ்பாக்னம் பாசியா, வெயில் காலமா மழைக்காலமா என்று எல்லாவற்றையும் பொறுத்து அந்த எண் மாறும். நாள் கணக்கை விட்டுவிட்டு வேரைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் வழி.

ஆர்க்கிட் குடும்பத்தில் சுமார் 28,000 இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுச் செடிகள். வீடுகளில் அதிகம் வளரும் பேலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா, கேட்லியா எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். காட்டில் மழை பெய்தால் இவற்றின் வேர் முழுக்க நனையும். மழை விட்டதும் காற்று பட்டுக் காய்ந்துவிடும். இந்த வேரின் மேல் வெலாமன் என்ற தடித்த உறை இருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆன உறை அது. ஸ்பாஞ்ச் போல, தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்திலேயே உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்கு மெதுவாகக் கொடுக்கும். இப்படி நனைந்து காயும் வேரை நாள்கணக்கில் ஈரத்திலேயே வைத்திருந்தால் அதற்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேரில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து அழுக வைக்கின்றன.

வெலாமனால் நமக்கு இன்னொரு உதவியும் உண்டு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும். நனைந்ததும் உறை கண்ணாடியாகிவிட, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்: சாம்பல் நிற வேரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் பச்சைத் திட்டு ஒன்று பரவும். செடிக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் சொல்லாது. வேர் பச்சையாக இருந்தால் ஊற்ற வேண்டாம். சாம்பலாக மாறிய பிறகு ஊற்றுங்கள். பேலனாப்சிஸைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தொட்டியின் உள்சுவரில் ஈரம் முத்து முத்தாகப் பூத்திருந்தாலும் இன்னும் ஓரிரு நாள் பொறுக்கலாம்.

உள்ளே தெரியாத தொட்டியா? ஊற்றி வடிந்ததும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், காய்ந்த பிறகு மறுபடி தூக்கிப் பாருங்கள். எடை வித்தியாசம் கைக்குச் சீக்கிரமே பழகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு மெல்லிய மரக்குச்சியை வேரில் படாமல் தொட்டியின் நடுவரை இறக்கி, பத்து நிமிஷம் விட்டு எடுங்கள். குச்சி நிறம் மாறி ஈரமாக வந்தால் அன்றைக்கு வேண்டாம். மேலாக விரலால் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். மேலே இருக்கும் பட்டைத் துண்டு ஒரே நாளில் காய்ந்துவிடும், அடியில் அப்படியே ஈரமிருக்கும். புதிதாக வாங்கிய செடிகளில் இது இன்னும் மோசம். பல செடிகளின் அடித்தண்டைச் சுற்றி, நாற்றுப் பருவத்தில் வைத்த பாசி உருண்டை ஒன்று இறுகிப்போய் அப்படியே இருக்கும். சுற்றிலும் பட்டை காய்ந்திருக்க, அந்த உருண்டை மட்டும் வாரக்கணக்கில் ஈரமாக இருந்து நடுவிலுள்ள வேர்களை அழிக்கும். பூத்து முடிந்ததும் செடியை வெளியே எடுத்து அதைப் பிரித்துவிடுங்கள்.

சரி, ஊற்றும்போது எப்படி ஊற்றுவது? தாராளமாக. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் பலரும் செய்கிற தவறு. நன்றாகக் காய்ந்த மரப்பட்டை தண்ணீரை உடனே ஏற்காது. ஒரு டம்ளர் ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். தொட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய், எல்லாப் பக்கமும் படும்படி ஒரு நிமிஷமாவது தண்ணீர் உள்ளே இறங்கி அடி ஓட்டை வழியாக ஓட விடுங்கள். வேரெல்லாம் பச்சையாக மாறிவிட்டதா என்று பாருங்கள். கால் மணி நேரம் வடிய விட்டு, அப்புறம் அதன் இடத்தில் வையுங்கள். வாளியில் முக்கி எடுப்பதும் நல்ல முறைதான், ஆனால் ஒரே வாளித் தண்ணீரில் செடி மாற்றிச் செடி முக்காதீர்கள். ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போய்விடும்.

அழகுக்காக வைக்கும் ஓட்டையில்லாத வெளித்தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். உள்தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் அதன் அடியில் தேங்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. அடிவேர்கள் அதிலேயே நின்று அழுகும். என்னிடம் வந்த அழுகல் செடிகளில் நிறைய இப்படி வந்தவை. அந்தத் தொட்டியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் செடியை வெளியே எடுத்து ஊற்றி, முழுக்க வடிந்த பிறகே திரும்ப உள்ளே வையுங்கள்.

நேரம் காலைதான். பேலனாப்சிஸின் இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி இரவு முழுக்க நின்றால், அந்த இடம் அழுகி இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்துவிடும். அதற்கு வளர்வது ஒரே ஒரு குருத்துதான் என்பதால் அது போனால் செடி பிழைப்பது கடினம். காலையில் ஊற்றினால் பகல் காற்றில் காய்ந்துவிடும். அப்படியும் குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ காகிதத்தின் முனையை உள்ளே வைத்து உறிஞ்சி எடுங்கள். இலைமேல் தினமும் ஸ்பிரே அடிப்பதால் பெரிதாகப் பயனில்லை, அந்த ஈரப்பதம் சில நிமிஷங்களுக்குமேல் நிற்காது.

தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகத் தொட்டியில் ஐஸ் கட்டி வைக்கலாமா என்றும் கேட்பார்கள். முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மரப்பட்டையில் வளர்ந்த பேலனாப்சிஸ்களுக்கு வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. பூ நிற்கும் காலம் அதனால் குறையவில்லை என்று அதில் தெரிந்தது. அளவுக்கு மீறி ஊற்றுகிறவர்களுக்கு அது ஒரு கட்டுப்பாடு. ஆனாலும் எனக்கு அந்த முறையில் திருப்தி இல்லை. தொட்டியில் சேரும் உப்பை அந்தக் கொஞ்சம் தண்ணீர் கழுவி வெளியேற்றாது.

அந்த உப்பைப் பற்றி: தொட்டி விளிம்பிலும் பட்டைத் துண்டுகளிலும் வெள்ளையாகப் படிவது உரமும் கடினநீரும் விட்டுச் சென்ற உப்புதான். அது சேரச் சேர வேரின் பச்சை நுனி கருகும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. ஆர்.ஓ. தண்ணீரும் சரி. கடினநீரை மென்னீராக்கும் கருவியிலிருந்து வரும் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் சோடியம் கூடுதலாக இருக்கும். உரத்தை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்காகக் கரைத்து, ஏற்கெனவே நனைந்த வேருக்குக் கொடுங்கள். மாதம் ஒருமுறை உரமில்லாமல் வெறும் தண்ணீரை நிறைய ஓடவிட்டுக் கழுவுங்கள்.

செடிக்குச் செடி கொஞ்சம் மாறும். கேட்லியாவும் பெரும்பாலான டென்ட்ரோபியங்களும் தடித்த தண்டில் தண்ணீர் சேமிப்பவை, நன்றாகக் காயவிட்டு ஊற்றலாம். டென்ட்ரோபியம் நோபிலுக்குக் குளிர்காலத்தில் தண்ணீரை மிகவும் குறைத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பேபியோபெடிலத்துக்குச் சேமிப்பு உறுப்பு கிடையாது, முழுக்கக் காயவிடக் கூடாது. ஆன்சிடியத்தின் மெல்லிய வேர்களும் நீண்ட வறட்சியைத் தாங்காது. தாகத்தில் வளர்ந்த புது இலை மடிப்பு மடிப்பாக வரும், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அந்த மடிப்பு விரியாது. வேர் தொங்க வளரும் வாண்டாவுக்குச் சூடான நாட்களில் தினமும் வேண்டும்.

கடைசியாக, இலை ஏற்கெனவே சுருங்கிவிட்டது என்றால் செடியை வெளியே எடுத்து வேரை விரல்களுக்கு நடுவே மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வெளிர்நிறமாக இருந்தால் அது நிஜமான தாகம், தாராளமாக ஊற்றலாம். பழுப்பாகி, கொழகொழவென்று இருந்து, இழுத்தால் மேலுறை கழன்று நடுநரம்பு மட்டும் கையில் வந்தால் அது அழுகல். நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரியால் அழுகியதையெல்லாம் வெட்டுங்கள். மிச்ச வேர்கள் அடங்கும் அளவுக்குச் சின்னத் தொட்டியில் புது மரப்பட்டை போட்டு நடுங்கள், பெரிய தொட்டி வேண்டாம். வெட்டுக்காயம் ஆற ஓரிரு நாள் விட்டு ஊற்றுங்கள். நேர்வெயில் படாத, காற்று ஈரமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். புது வேர் வரச் சில வாரங்கள், சில செடிகளுக்குச் சில மாதங்கள்கூட ஆகும். பழைய இலைகளின் சுருக்கம் முழுக்கப் போகாமலே இருக்கலாம். அதைப் பார்த்து ஊற்றாதீர்கள்; அடித்தண்டில் பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள்.