வெள்ளைத் தோலின் பளபளப்பு: மோட்டார்ஹோமைக் கழுவுவதற்குப் பின்னால் உள்ள அறிவியல்

நம் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகும் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதி கொண்ட பயண வண்டி, இரண்டு விதமான அழுக்கைச் சுமந்துகொண்டு போகிறது. கிளம்பும்போதே மேலே படிந்திருப்பது கடலோர உப்பு. வான் ரீனன் கணவாய் ஏறி ஹைவெல்ட் மேட்டுநிலத்தைத் தொட்டபின் சேர்வது தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளின் தூசு. பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் படலம்தான். ஆனால் இரண்டும் வண்டியைக் கெடுக்கும் விதம் வேறு, ஆகவே கழுவும் விதமும் வேறாக இருக்க வேண்டும். எதையும் யோசிக்காமல் பஞ்சை நனைத்துத் தேய்க்க ஆரம்பிப்பதால்தான் நம் ஊர்களில் நல்ல வண்டிகள் பாதி ஆயுளிலேயே மங்கிப்போகின்றன.

முதலில் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை இழுத்து, அதிலேயே கரைந்து உப்புநீராகிவிடும். டர்பன் கோடையில் இந்த அளவைக் காற்று அடிக்கடி தாண்டும். அப்படியானால் ஒரு சொட்டு மழை பெய்யாத இரவிலும், கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டி உப்புநீரில் நனைந்தே நிற்கிறது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. அதுதான் அந்த உலோகத்துக்குக் காப்பு. குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைத் துளைத்து உள்ளே குழி பறிக்கும். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகாணி இறங்கியிருக்கும் இடம் இன்னும் மோசம். இரண்டு உலோகங்கள், நடுவில் உப்புநீர் என்றால் அது ஒரு மின்கலம்தான். அதில் கரைந்துபோவது அலுமினியம். திருகாணியைச் சுற்றிப் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி அந்த இழப்பின் அடையாளம்.

இவ்வளவு கெடுதல் செய்யும் உப்பை அகற்றுவது மட்டும் மிகச் சுலபம், ஏனென்றால் அது தண்ணீரில் முழுவதும் கரையும். சோப்பும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். மார்கேட், ஸ்காட்பர்க் என்று தெற்குக் கடற்கரையில் விடுமுறை கழித்துவிட்டு வந்ததும், நல்ல தண்ணீரை மெதுவாக, நிறைய ஓடவிட்டால் போதும். சக்கர வளைவுகள், அடிப்பாகம், ஓரப் பட்டைகள் இவற்றை மறக்கக் கூடாது. வெளியே தெரியும் பக்கச் சுவரைவிட அங்கேதான் உப்பு தங்கும்.

சுரங்கத் தூசு இதற்கு நேர் எதிர். விட்வாட்டர்ஸ்ராண்டின் தங்கம் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் நிறைந்த பாறைக்குள் கிடந்தது. அந்தப் பாறையை மாவாக இடித்துத்தான் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மாவு மலைமலையாக ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிக் கிடக்கிறது, ஆகஸ்ட் காற்றில் பறக்கிறது. குவார்ட்ஸின் கடினத்தன்மை 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. அது கண்ணாடியையே கீறும். தண்ணீரில் கரையவே கரையாது. இந்தத் தூசு படிந்த வண்டியை ஈரத் துணியால் துடைப்பது உப்புத்தாளால் துடைப்பதற்குச் சமம். கை படுவதற்கு முன்பே தண்ணீரால் அதைத் தள்ளிவிட வேண்டும்.

வடக்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 1860 முதல் நம் முன்னோர் வெட்டிய கரும்புத் தோட்டங்களில் இன்றும் பல இடங்களில் அறுவடைக்கு முன் தோகையை எரிக்கிறார்கள். அந்தக் கரித்துகள் டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் கூரைகள்மேல் வந்து இறங்கும். எடையே இல்லாத அந்தத் துகளைக் காய்ந்த நிலையில் ஊதினால் பறந்துவிடும். விரலால் தொட்டால் நொறுங்கி, மை மாதிரி இழுத்துக்கொண்டு போகும். ஈரத்தோடு நாள்கணக்கில் கிடந்தால் சாம்பலின் காரத்தன்மையும் மேற்பரப்பைத் தொடும். இதற்கும் முதல் மருந்து ஓடும் தண்ணீர்தான்.

சரி, தண்ணீரால் போகாத எண்ணெய்ப் பசை, புகைக்கரி, நசுங்கிய பூச்சிகள் இவற்றுக்குத்தான் ஷாம்பு. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அதனால்தான் அது முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது, எண்ணெய்க்குள் நுழைய மறுக்கிறது. ஷாம்புவின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். அது கலந்ததும் இழுவிசை ஏறக்குறைய பாதிக்குக் கீழே இறங்கி, தண்ணீர் அழுக்கின் அடியில் பரவுகிறது. எண்ணெயை விரும்பும் முனைகள் ஒரு துளி அழுக்கைச் சூழ்ந்துகொண்டு அதைப் பரப்பிலிருந்து தூக்கி, தண்ணீரில் மிதக்கவிடும். அப்புறம் அலசும்போது அது போய்விடும். பாத்திரம் கழுவும் திரவமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் குழம்புச் சட்டியின் கொழுப்பை எடுக்கிற வீரியம், வண்டிமேல் பூசிய மெழுகையும் சேர்த்துத் தளர்த்தும். மெழுகு பூசிய வண்டிக்கு அமிலமோ காரமோ இல்லாத, நடுநிலை பி.எச். கொண்ட வாகன ஷாம்புவே சரி.

பக்கச் சுவரில் ஷாம்புவைக் கீழிருந்து மேலாகப் பூச வேண்டும், அலசும்போது மேலிருந்து கீழாக அலச வேண்டும் என்று கேரவன் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். இதற்குக் காரணம் உண்டு. காய்ந்த சுவரில் மேலே சோப்பைப் போட்டால் அது கோடு கோடாக வழியும். வழிந்த கோட்டில் அதிக நேரம் செறிவான சோப்பு நிற்கும், பக்கத்தில் இருக்காது. அந்த வேறுபாடு கழுவிய பின்னும் வரிகளாகத் தெரியும். கீழே ஏற்கெனவே நனைந்திருந்தால் வழிவது கலந்து பரவிவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்வதும் அப்படித்தான். ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசி மணலை அங்கே இறக்கிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். துணி மைக்ரோஃபைபராக இருந்தால் நல்லது. பிளவுபட்ட அதன் நுண்ணிழைகளுக்கு நடுவே துகள்கள் உள்வாங்கப்படும். சாதாரணப் பஞ்சில் மணல் தட்டையான முகத்திலேயே நின்று வண்டியை உரசும்.

வெயிலில் கழுவக் கூடாது என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், நீர்த்துளி லென்ஸ் போல் வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுட்டுவிடும் என்பது. அது சரியல்ல. தட்டையான பரப்பில் குந்தியிருக்கும் துளியின் குவியம் பரப்பில் விழுவதில்லை, அதற்கும் அப்பால்தான் விழும். உண்மையான காரணம் தண்ணீரில் கரைந்துள்ள தாதுக்கள். துளி ஆவியானால் கால்சியம் கார்பனேட் மாதிரியானவை பின்தங்கிவிடும். துளியின் விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடப்பதால், நடுவிலிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடி, தன்னோடு துகள்களையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால்தான் கறை வட்ட வளையமாக இருக்கிறது. 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் சகாக்களும் இதை விளக்கினார்கள். கரூ பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் கழுவி, வெயிலிலேயே காயவிட்ட வண்டியில் இந்த வளையங்களை நன்றாகப் பார்க்கலாம். நிழலில் கழுவி, துணியால் ஒற்றி எடுப்பது இதற்காகத்தான்.

இத்தனையும் செய்த பிறகும் வண்டி மங்கலாகவே இருந்தால்? இங்கேதான் பலரும் தவறான பக்கம் திரும்புகிறார்கள். இன்னும் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து இன்னும் வலுவான சோப்பைத் தேடுகிறார்கள். ஒரு சின்னச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும். மங்கிய இடத்தை நனைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை பளபளத்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிட்டால் அது அழுக்கே இல்லை. கறுப்புத் துணியால் தேய்த்தால் துணியில் வெள்ளைப் பொடி ஒட்டும்.

ஏன் அப்படி? கற்கண்டு கட்டியாக இருக்கும்போது ஒளி ஊடுருவும். அதையே பொடித்தால் வெள்ளையாகிவிடும். பொருள் மாறவில்லை, ஒளி மோதிச் சிதறும் முகங்கள்தான் பெருகியிருக்கின்றன. மோட்டார்ஹோமின் பின்பகுதிப் பெட்டி பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். அதன் வெளித்தோல் ஜெல்கோட் எனப்படும் பாலியஸ்டர் பிசின், அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன், வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடு கலந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். தோலின் மேடுபள்ளங்கள் அதைவிட மிகச் சிறியவையாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும், அதுதான் பளபளப்பு. பள்ளங்கள் வளர்ந்துவிட்டால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும், அதுதான் மங்கல். நனைத்தால் தண்ணீர் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்குகிறது, அவ்வளவுதான்.

பள்ளம் தோண்டுவது வெயில். 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் ஆற்றல் மோலுக்கு ஏறக்குறைய 400 கிலோஜூல். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க 350 போதும். உடைந்த இடத்தில் ஆக்சிஜன் புகுந்துவிடும். வெள்ளை நிறமிக்கும் இதில் பங்கு உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாவை விழுங்கி, ஈரத்தோடு சேர்ந்து, சுற்றியுள்ள பிசினை அரிக்கும் வேதித்துகள்களை உருவாக்குகிறது. பிசின் கரைய நிறமித் துகள்கள் தளர்ந்து உதிரும். துணியில் ஒட்டிய வெள்ளைப் பொடி அதுதான். நம் நாட்டில் இது கூடுதல் வேகத்தில் நடக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால், நம் கோடை வெயில் வடக்கின் ஜூலை வெயிலைவிடச் சுமார் 7 சதவீதம் வலுவானது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1750 மீட்டர் மேலே இருக்கிறது. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும்.

இப்போது பாலிஷ் என்ன செய்கிறது என்பது புரியும். அது பளபளப்பைப் பூசுவதில்லை. அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்மணிகளால், செத்துப்போன மேல்தோலைச் சீவி, அடியில் இருக்கும் நல்ல பிசினைச் சமமாக வெளியே கொண்டுவருகிறது. அப்படியானால் ஒவ்வொரு பாலிஷும் ஒரு செலவு. அரை மில்லிமீட்டர் மறுபடி வளராது. ஓட்டுநர் பகுதியின் கணக்கு இன்னும் இறுக்கமானது. அது பெயின்ட் அடித்த எஃகு. மேலே இருக்கும் தெளிவான பூச்சு வெறும் 40, 50 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஜெல்கோட்டின் பத்தில் ஒரு பங்கு. பின்பெட்டிக்குப் பயன்படுத்திய சொரசொரப்பான காம்பவுண்டை (தேய்க்கும் பசையை) அதே வேகத்தில் முன்பகுதிக்கும் கொண்டுபோகிறவர்கள் அந்தப் பூச்சைத் துளைத்துவிடுவார்கள். என் கருத்தில், எப்போதும் இருப்பதிலேயே மென்மையான பாலிஷை ஓரிடத்தில் போட்டுப் பார்த்து, அது போதாவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே அச்சில் சுழலும் இயந்திரத்தைவிட அசைந்து சுழலும் இயந்திரம் நல்லது. பிசின் வெப்பத்தைக் கடத்தாது, ஒரே இடத்தில் நின்றால் சூடு அங்கேயே குவிந்துவிடும். ஓரங்களிலும் வளைவுகளிலும் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கே கையால் செய்வதே பத்திரம்.

சில பாலிஷ்கள் தேய்த்ததுமே பிரமாதமாக மின்னி, ஒன்றிரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அவற்றிலுள்ள எண்ணெய் பள்ளங்களை நிரப்பியிருந்தது, தண்ணீர் செய்த அதே வேலையைக் கொஞ்சம் நீடித்துச் செய்தது. பொடி உதிரும் தோலுக்கு மெழுகு பூசுவதும் இப்படித்தான் முடியும். முதலில் பாலிஷ், அப்புறம்தான் மெழுகு.

மெழுகு, அது பிரேசில் பனையிலிருந்து வரும் கார்னாபாவோ செயற்கைப் பாலிமரோ, புற ஊதாவை முழுவதும் தடுத்துவிடாது. அதற்கு அந்தப் படலம் மிகவும் மெல்லியது. அதன் பயன் வேறு. தண்ணீர் பரவாமல் உருண்டு ஓடுகிறது, கறை பிசினைத் தொடாமல் மெழுகின்மேலேயே நிற்கிறது. மழைக்குப் பிறகு கூரையோரத்திலிருந்து இறங்கும் கறுப்புக் கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பட்டையிலிருந்தும் மூட்டுகளை அடைக்கும் சீலன்டிலிருந்தும் கசியும் பசையில் புகைக்கரி ஒட்டி வழிவதுதான் அது. மெழுகிட்ட சுவரில் ஷாம்புவிலேயே போய்விடும். திறந்த துளைகள் உள்ள பழைய ஜெல்கோட்டில் உள்ளே இறங்கிவிடும்.

மஞ்சளுக்கும் இதே கதிதான். நீண்ட பயணத்துக்கு முன் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, வண்டிக்கு மஞ்சள் குங்குமம் இடுவது நம் வீடுகளில் வழக்கம். மஞ்சளின் நிறமியான குர்குமின் எண்ணெயில் எளிதில் கரைவது, துளைகளுக்குள் இறங்குவது. காரமான சோப்பால் தேய்த்தால் செம்பழுப்பாக மாறி, கறை பெருகிவிட்டது போலத் தெரியும். பதற வேண்டாம், இன்னும் தேய்க்கவும் வேண்டாம். குர்குமினை வெயில் சிதைக்கும், மிஞ்சிய நிறம் நாளாக நாளாக வெளுக்கும். பொட்டை முன்புறக் கண்ணாடியில் வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை, கண்ணாடியில் துளை கிடையாது.

பக்கவாட்டு ஜன்னல்கள் கண்ணாடி என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அவை அக்ரிலிக். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடி திரவம் பட்டால் உள்ளிழுவிசை உள்ள இடங்களில் மயிரிழை விரிசல்கள் விடும். வெதுவெதுப்பான சோப்புநீர் போதும். பிரஷர் வாஷரையும் நான் ஆதரிக்க மாட்டேன். சுவரின் உள்ளே நுரையும், சில வண்டிகளில் மரச்சட்டமும் இருக்கும். மூட்டுகளிலும் குளிர்பெட்டியின் காற்றுத் துளைகளிலும் உயர் அழுத்த நீர் புகுந்துவிட்டால், அந்த மரம் வெளியே தெரியாமலே அழுகும்.

தண்ணீர் எப்போதும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2018இல் கேப் டவுனில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட் மக்கள் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்துக்கு அலசத் தேவையில்லாத கழுவுதிரவங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள பாலிமர்கள் துகள்களைச் சூழ்ந்து வழுக்கும் உறை போட்டுவிடுவதால், ஒரு வாளித் தண்ணீரிலேயே துடைத்து முடிக்கலாம். லேசான அழுக்குக்குத்தான் இது. ஹைவெல்ட் தூசு தடித்துப் படிந்த வண்டிக்கு அந்த உறை போதாது. அக்டோபரில் தொடங்கும் இடிமழை வரும்வரை அதைத் தொடாமல் நிழலில் நிறுத்தி வைப்பதே நல்லது.