டெவலூஷன்: அதிகாரப் பகிர்வா, அதிகாரக் கையளிப்பா?

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசியல் பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும், மைய நாடாளுமன்றம் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை வேறோர் அவைக்குத் தருவதைக் குறிக்கும் ‘டெவலூஷன்’ என்ற ஆங்கிலச் சொல் வந்துவிடும். தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘அதிகாரப் பகிர்வு’ என்று போடுகிறார்கள், சிலர் ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்கிறார்கள். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் டெவலூஷன் என்ற ஏற்பாட்டின் உயிர்நாடியை இரண்டுமே விட்டுவிடுகின்றன என்பது என் கருத்து. சொல்லின் வேரை மட்டும் பார்த்தால் இது புரியாது. அப்படி அமைந்த ஒரு நாடாளுமன்றத்தில் தினசரி என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வேர். லத்தீனில் ‘டெ’ என்றால் கீழே, ‘வோல்வெரெ’ என்றால் உருட்டுதல். இரண்டும் சேர்ந்தால் மேலிருந்து கீழே உருட்டிவிடுவது. ரிவால்வர், வால்யூம் போன்ற சொற்களும் இந்த ‘உருட்டு’ வேரிலிருந்து வந்தவையே. அந்தக் காலத்து நூல் சுருட்டி வைத்த ஏடு அல்லவா, அதனால் அது வால்யூம் ஆனது. அப்புறம் இந்தச் சொல் சட்ட மொழிக்குள் புகுந்தது. ஒருவர் இறந்தபின் அவர் சொத்து வாரிசுக்கு இறங்குவதை டெவலூஷன் என்றார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுத் தலைப்பில் இன்றும் அந்தப் பொருளில் இருக்கிறது. அரசியலுக்கு வந்தபோது, மைய நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் தானே ஒரு சட்டம் போட்டு இன்னோர் அவைக்கு இறக்கித் தருவது என்று பொருள்பட்டது. எங்கே போனாலும் மேலிருந்து கீழ் என்ற அந்தத் திசை மாறவில்லை.

வேல்ஸ்காரர்கள் தங்கள் மொழியில் இதைத் ‘தட்கனோலி’ என்கிறார்கள். ‘கனோல்’ என்றால் நடு. நடுவிலிருந்து அகற்றுவது என்ற பார்வை அது, நம் ‘பரவலாக்கம்’ போல. லண்டனிலிருந்து பார்த்தால் இறக்கிவிடுவது, வேல்ஸின் தலைநகர் கார்டிஃபிலிருந்து பார்த்தால் மையத்தின் பிடியை விடுவிப்பது. ஒரே ஏற்பாடுதான், நிற்கும் இடத்துக்கேற்ப பெயர் மாறுகிறது.

ஸ்காட்லாந்திலும் இந்த இரட்டைப் பார்வை முதல் நாளே வெளிப்பட்டது. 1997 செப்டம்பர் 11ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 74.3 சதவீதம் பேர் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் 1998இல் ஸ்காட்லாந்துச் சட்டத்தை நிறைவேற்றியது. ‘ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒன்று இருக்கும்’ என்பதுதான் அதன் முதல் வரி. புதிய அவை 1999 மே 12 அன்று முதன்முறையாகக் கூடியபோது, மூத்த உறுப்பினரான வின்னி யூயிங் தலைமை நாற்காலியில் இருந்தார். 1707 மார்ச் 25 அன்று ஒத்திவைக்கப்பட்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இதோ மீண்டும் கூடுகிறது என்று அறிவித்தார். அவர் பார்வையில் அது 292 ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பிய அதிகாரம். சட்டத்தின் பார்வையில் முந்தைய ஆண்டு வேறொரு நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்த அதிகாரம். அவர் சொன்னதில் இருந்த உணர்வு உண்மையானது, அதை யாரும் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த அவை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை இன்றுவரை தீர்மானிப்பது 1998 சட்டமே.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவின் ஹோலிரூட் பகுதியில் இருக்கிறது இந்த அவை, அதனால் அவையையே ஹோலிரூட் என்றும் சொல்வார்கள். 129 உறுப்பினர்கள்: தொகுதிவாரியாக 73 பேர், வட்டாரப் பட்டியல் வழியாக 56 பேர். மேலவை கிடையாது. முழு அவை வழக்கமாகச் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள் கூடும். செவ்வாய் பிற்பகல் 2 மணிக்கு முதல் நிகழ்ச்சி ‘சிந்தனை நேரம்’. ஏதாவது ஒரு சமயத்தவரோ, சமயம் சாராதவரோ வந்து சில நிமிடம் பேசிவிட்டுப் போவார். வியாழன் நண்பகலில் முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும் நேரம், அன்றுதான் சூடு பறக்கும். அவைத் தலைவரின் முன்னால் வெள்ளியில் செய்து தங்கம் பதித்த செங்கோல் இருக்கிறது. அதில் பொறித்திருப்பவை நான்கு சொற்கள்: அறிவுத்தெளிவு, நீதி, பரிவு, நேர்மை.

மாலை 5 மணி வாக்கில் ‘முடிவு நேரம்’. அன்று விவாதித்த தீர்மானங்களின் மீதான வாக்கெடுப்பையெல்லாம் அந்நேரத்துக்கே வைத்துக்கொள்வது இவர்கள் வழக்கம். வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினர்கள் வாக்களிக்க எழுந்து போய் தனித்தனிக் கூடங்கள் வழியே நடக்க வேண்டும். இங்கே இருந்த இடத்திலிருந்தே மின்னணு முறையில் ஆம், இல்லை, நடுநிலை என்று அழுத்தினால் போதும். இந்த வேறுபாடு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இங்கே அவை நாளின் எந்த நேரத்தில் முடிவு வரும் என்று வெளியே இருக்கும் குடிமகனுக்கும் தெரியும். மனு கொடுப்பதும் அப்படியே எளிது. ஆயிரக்கணக்கில் கையெழுத்து வேண்டாம், ஒரே ஒருவர் கொடுத்த மனுவையும் குழு எடுத்துப் பார்க்கும்.

இனி சட்டமியற்றல். சட்டமுன்வடிவு அவைக்குள் நுழையும்போதே, அதைக் கொண்டுவருபவர் ஓர் அறிக்கை தர வேண்டும்: இது இந்த நாடாளுமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருகிறது என்று. அவைத் தலைவரும் தனியாகத் தன் கருத்தை எழுத்தில் தர வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் இப்படி ஒரு கேள்வியே எழாது. இங்கே ஒவ்வொரு முன்வடிவும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வருகிறது. 1998 சட்டத்தின் 5ஆம் அட்டவணையில் ஒதுக்கி வைத்திருக்கும் பொருள்கள் இருக்கின்றன: வெளியுறவு, பாதுகாப்பு, நாணயம், குடியேற்றம் போன்றவை. அவற்றில் கை வைக்கக்கூடாது. பட்டியலில் இல்லாத கல்வி, மருத்துவம், காவல் போன்றவை ஹோலிரூட்டின் கையில்.

அதன்பின் மூன்று நிலைகள். முதல் நிலையில் துறைசார்ந்த குழு மக்களிடமும் அமைப்புகளிடமும் கருத்துக் கேட்டு அறிக்கை தரும், அடிப்படை நோக்கம் சரியா என்று அவை வாக்களிக்கும். இரண்டாம் நிலையில் குழு வரி வரியாகத் திருத்தும். மூன்றாம் நிலையில் முழு அவை கடைசித் திருத்தங்களை எடுத்து, நிறைவேற்றும் அல்லது தள்ளும். மேலவை இல்லாததால் மறுபார்வைச் சுமை முழுவதும் குழுக்களின் தோளில்தான். அமைச்சரல்லாத உறுப்பினர்களும் முன்வடிவு கொண்டுவரலாம். மாதவிடாய்ப் பொருள்கள் தேவைப்படும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்த சட்டம் அப்படி வந்ததே. மோனிகா லெனன் கொண்டுவந்த அது 2020 நவம்பர் 24 அன்று எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் உழைப்பு ஒரு தேசத்தின் பள்ளிக் கழிப்பறைகள் வரை போய்ச் சேர்ந்தது, இதைவிட ஒரு சட்டமன்றத்துக்கு என்ன வேலை வேண்டும்?

நிறைவேறியதும் உடனே அரச ஒப்புதல் கிடைத்துவிடாது. நான்கு வாரக் காத்திருப்பு உண்டு. அதற்குள் அரசின் சட்ட அதிகாரிகள், எல்லை மீறல் இருக்கிறதென்று உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். 2021 மார்ச்சில் குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கும் முன்வடிவை அவை ஒருமனதாக நிறைவேற்றியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் எல்லை மீறியவை என்றது. குழந்தை உரிமை ஹோலிரூட்டுக்குரியதல்ல என்று அது சொல்லவில்லை. ஸ்காட்லாந்துக்காக வெஸ்ட்மின்ஸ்டர் சட்டமியற்றும் அதிகாரத்தை இந்தச் சட்டம் பாதிக்காது என்று 1998 சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறதே, அதில் இது கை வைக்கிறது என்றது. திருத்திய வடிவம் 2023 டிசம்பரில்தான் நிறைவேறியது. இன்னொரு கதவு அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு. ஒருவர் தன் பாலினத்தைச் சட்டப்படி மாற்றிப் பதிவதை எளிதாக்கும் பாலின அங்கீகாரச் சீர்திருத்த முன்வடிவு 2022 டிசம்பரில் 86க்கு 39 என்று நிறைவேறியது. அடுத்த மாதமே லண்டன் அமைச்சர் அந்தப் பிரிவைக் கொண்டு நிறுத்திவைத்தார். அந்தப் பிரிவு பயன்பட்டது அதுவே முதல்முறை.

அந்த முன்வடிவை ஒருவர் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். சொல் பற்றிய நம் கேள்விக்கு விடை இந்த நிகழ்ச்சிகளில் இருக்கிறது. பகிர்வு என்றால் பகு, பங்கு, பகுதி என்ற உறவுச் சொற்களோடு வருவது. பங்காளிகள் இருவர், ஆளுக்கொரு பங்கு, என் பங்கில் உனக்கு வேலையில்லை என்ற தொனி அதற்கு உண்டு. டெவலூஷன் அப்படி இல்லை. நிலத்துக்குப் ‘பவர்’ எழுதிக் கொடுப்பது போன்றது அது: வேலை செய்பவர் வேறு, பத்திரத்தில் உரிமையாளர் வேறு. 2016இல் வந்த சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. ஸ்காட்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் சொன்னாலொழிய அந்த நாடாளுமன்றத்தைக் கலைக்க மாட்டோம் என்றும், அதன் இசைவில்லாமல் அதற்குரிய பொருள்களில் வழக்கமாகச் சட்டம் போட மாட்டோம் என்றும் வெஸ்ட்மின்ஸ்டர் எழுதிக் கொடுத்தது. அந்த ‘வழக்கமாக’ என்ற சொல்லை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பரவலாக்கம் வேறொன்று. அதிகாரத்தை மாவட்டத்துக்கும் ஊராட்சிக்கும் விரித்துக் கொண்டுபோகும் எல்லா முறைக்கும் அது பொதுப்பெயர். ஊராட்சிகள் பற்றிய நம் அரசியலமைப்பின் 73ஆம் திருத்தத்துக்குப் பொருந்தும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தையும் டெவலூஷன் என்று சொல்ல முடியாது. அதன் அதிகாரம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையிலிருந்து வருகிறது, டெல்லி ஒரு சாதாரணச் சட்டம் போட்டு அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குச் சொல் கூட்டாட்சி.

இலங்கையில் 1987இன் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது முதல் ‘அதிகாரப் பகிர்வு’ அங்கே ஆழமாக வேரூன்றிவிட்டது. அது தமிழர்களின் கோரிக்கையைச் சொல்லும் சொல், கோரிக்கையாக அது அப்படியே இருக்கட்டும். ஆனால் கிடைத்தது என்ன என்று சொல்லும்போது வேறு சொல் வேண்டும். நாடாளுமன்றம் ஆக்குவது ‘சட்டம்’, மாகாண சபை ஆக்குவது ‘நியதிச்சட்டம்’ என்று பெயரிலேயே படிநிலை வைத்த ஏற்பாடு அது.

அந்த வேறு சொல்லும் ஈழத்துத் தமிழிலேயே இருக்கிறது: கையளிப்பு. ‘மகஜர் (மனு) கையளிப்பு’ என்று அன்றாடம் செய்தித்தாளில் வரும் சொல். யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற திசை அதில் தெளிவாகத் தெரிகிறது. ஒப்படைப்பு என்றும் சொல்லலாமே என்றால், அது அதிகாரிக்கு விதி வகுக்கும் வேலையைத் தருவதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. எனவே டெவலூஷன் அதிகாரக் கையளிப்பு. அப்படிப்பட்ட அவை கையளிப்பு நாடாளுமன்றம். லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவை ஒதுக்கிய பொருள்கள். ஹோலிரூட் லண்டனுக்குத் தரும் சம்மதம் சட்ட இசைவுத் தீர்மானம்.

பகிர்வு என்ற சொல்லைத் தனியே காப்பாற்றி வைப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. வட அயர்லாந்தில் இரண்டுமே உண்டு. லண்டன் தந்த அதிகாரத்தை, அயர்லாந்தோடு சேர விரும்பும் தரப்பும் பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பும் சேர்ந்தே ஆள வேண்டும் என்பது 1998 உடன்பாடு. ஒரு தரப்பு விலகினால் ஆட்சியே நிற்காது. 2022இல் அப்படி நின்றுபோனது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தச் செய்தியை எழுதவே முடியாது. தனித்தனிச் சொல் இருந்தால் இப்படி எழுதலாம்: இரு தரப்பும் அதிகாரப் பகிர்வுக்குத் திரும்பியதால், 2024 பிப்ரவரியில் வட அயர்லாந்தில் கையளிப்பு ஆட்சி மீண்டும் இயங்கத் தொடங்கியது.