பயம் அழிவதில்லை, அடங்குகிறது

“உட்கார்ந்து பேசினால் மனம் சரியாகிவிடுமா? அதற்கு நண்பர்கள் போதாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

உளச்சிகிச்சையில் பல வழிகள் உண்டு. ஃப்ராய்ட் வழி வந்தவர்கள் இளவயது உறவுகள் விட்டுச்சென்ற சுவடுகளைத் தேடுவார்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், குறை சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பதையே மருந்தாக்கினார். 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய முறையோ, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணத்துக்கு என்ன ஆதாரம் என்று துருவிப் பார்க்கும். ஆனால் எனக்கு அலுக்கவே அலுக்காத முறை வேறொன்று: பயத்தை நேருக்கு நேர் சந்திக்க வைப்பது.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். கட்டுரையில் அவன் பெயர் பீட்டர். முயலைக் கண்டாலே அலறுவான். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டில் இருந்த முயலை எட்டத்தில் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறித்தபோதும் அவன் பயப்படவில்லை.

சரி, அந்தப் பயம் எங்கே போனது? எங்கும் போகவில்லை! ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் நாய்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி எழுப்பியதும் உணவு தந்து பழக்கியதால், ஒலியைக் கேட்டாலே அவற்றுக்கு எச்சில் ஊறும். பிறகு பல தடவை ஒலியை எழுப்பி உணவு தராமலே விட்டால், எச்சில் ஊறுவது நின்றுவிடும். சற்று நேரம் சும்மா விட்டு மறுபடி ஒலித்தால், திரும்பவும் ஊறும். பழைய பாடம் அழியவில்லை. அதன்மேல் புதுப்பாடம் ஒன்று ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி எழுப்பும் அபாய மணியை, நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி அடக்கக் கற்றுக்கொள்கிறது.

லிஃப்டுக்குப் பயப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கூட வரும் நண்பர் பாசத்தோடு, “வா, படியிலேயே போயிடலாம்” என்பார். உடனே நெஞ்சு லேசாகும். அந்த நிம்மதியே வினை. ‘தப்பித்தேன்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. லிஃப்டுக்குள் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. சிகிச்சையாளர் முதலில், “உள்ளே போனால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டு எழுதி வாங்குவார். ‘மூச்சு முட்டி மயங்கி விழுவேன்.’ அப்புறம் உள்ளே போகிறார்கள். கதவு மூடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மாடிகள் கடக்கின்றன, கதவு திறக்கிறது. அவர் விழவில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள அந்த இடைவெளிதான் புதுப்பாடத்தை எழுதுகிறது. கையில் தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு போனால் பாடம் பாதிதான் பதியும். ‘பாட்டில்தான் காப்பாற்றியது’ என்று மனம் கணக்குப் போட்டுவிடும்.

இதற்கு மாத்திரையைப் போலக் காப்புரிமை வாங்கி விற்க முடியாது. அதனால் கம்பெனிகள் இதில் பெரிதாகப் பணம் போடாது. இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள்தான் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு சிக்கல் உண்டு. பழைய பாடம் எங்கே போனாலும் கூடவே வரும். புதுப்பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே கட்டிடத்தில் பழகியவருக்கு இன்னொரு கட்டிடத்தில் மறுபடி நெஞ்சு படபடக்கலாம். அதனால்தான் வேறு வேறு லிஃப்டில், வேறு வேறு நேரத்தில், சில சமயம் தனியாகவும் ஏறச் சொல்கிறார்கள். பல மாதம் கழித்துப் பயம் தலைகாட்டினாலும் சிகிச்சை தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. மறுபடி சில தடவை ஏறி இறங்க வேண்டும். பெரும்பாலும் இந்தத் தடவை பயம் சீக்கிரமாகவே அடங்கிவிடும்.